வட்டலின் இடது பக்கம்

ஆனைமலை போகிற பாதையில் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு மடம் இருக்கிறது. மடம் என்று பேர்தான். பார்த்தால் கொப்பரை காயப்போடுகிற களமும், ஓடு வேய்ந்த கொட்டகையும், ஒரு கிணறும். அங்கே இருக்கிற அம்மாவுக்குப் பேர் சம்பூரணம். கோயம்புத்தூரில் பேர்போன மூளை டாக்டராக இருந்தவர். ஒரு நாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார். அதனால் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஐம்பது வயது. அவருடைய சீடர்களில் மூத்தவரான சென்னியப்பனுக்கு அறுபத்தாறு. சீடரைக் குரு "அண்ணா" என்று கூப்பிடுகிற மடம் வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

சென்னியப்பன் மாட்டுத் தரகராக இருந்தவர். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது துண்டுக்கடியில் நடக்கிற காரியம். இரண்டு பேர் கைகளும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை சொல்லிக்கொண்டிருக்கும். வாய் மட்டும் வெளியே இருந்துகொண்டு, இதெல்லாம் ஒரு மாடா, இதை ஓட்டிப்போனால் வீட்டில் சோறு போட மாட்டார்கள் என்று சம்பந்தமில்லாமல் பேசும். வாய் சொன்னதை நம்பினவன் சந்தையில் பிழைக்க மாட்டான். வாலிபத்திலிருந்து அப்படியே பேசிப் பழகிய மனுஷர், வீட்டுக்கு வந்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

போதாததற்கு அந்தச் சீமையின் குசும்பு வேறு. மரியாதை ஒரு துளி குறையாமல், வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டு ஆளைக் கவிழ்ப்பதில் சென்னியப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரரை, "இத்தனை வெள்ளென வந்துட்டீங்களே, அடுத்த முகூர்த்தத்துக்குத்தானுங்களே" என்று கும்பிட்டு வரவேற்றவர் அவர்.

அவருக்கு வாய்த்த வள்ளியாத்தாளும் லேசுப்பட்டவர் அல்ல. தினமும் காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சென்னியப்பன், "நீ இல்லாட்டி நான் நெம்ப நிம்மதியா இருப்பேன்" என்பார். "போயிட்டா எந்த மகராசி வந்து காப்பி போடறான்னு நானும் பாக்கறனுங்க" என்பார் வள்ளியாத்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் சாமி விளக்கு ஏற்றுவதுபோல அந்த வீட்டில் இது. கல்யாணமான நாளிலிருந்து சென்னியப்பன் பெண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஆசை எல்லாம் அந்த ஒரு வசவுக்குள்ளேயே இருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மாசி மாதத்தில் வள்ளியாத்தாளின் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது பக்க மூளையில். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சென்னியப்பன் அந்த வராந்தாவில் உட்கார்ந்து வேண்டாத தெய்வமில்லை. தெய்வங்களிடம் மட்டும் அவர் குசும்பு பேசவில்லை.

வேண்டுதல் வீண்போகவில்லை. வள்ளியாத்தாள் தேறி வீட்டுக்கு வந்தார். காலைச் சற்றே இழுத்தாலும் நடந்தார், கை மெல்ல மெல்ல வேலைக்கு வந்தது, பேச்சு ஓர் எழுத்துக்கூடக் குழறவில்லை. சாப்பாட்டில் மட்டும் ஒரு விநோதம். தட்டை அந்தப் பக்கம் வட்டல் என்பார்கள். வட்டலில் சோறு போட்டுக் கொடுத்தால் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி, சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி ஆனதும் வட்டலைத் திருப்பி வைப்பார். மீதியும் உள்ளே போய்விடும். இந்த வேலைக்கு அவர் ஒரு வேளைகூடச் சலித்துக்கொண்டதில்லை. மடத்தில் வந்து பெருமையடித்துக்கொண்டதுதான் உண்டு.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது.

பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பால் தண்ணீராக இருந்தது. "பால் நெம்பக் கெட்டி அம்மிணி, தண்ணி ஊத்தித்தான் குடிக்கோணும்" என்றார் சென்னியப்பன். வள்ளியாத்தாள் ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார்.

எதிர்வீட்டு ஆறுச்சாமி மத்தியானம் வந்து உட்கார்ந்தவர், பொழுது சாய்ந்தும் எழுந்திருக்கவில்லை. "இருந்து ராத்திரிச் சோறும் உண்டுட்டு, இங்கயே படுத்து எந்திரிச்சுப் போங்க" என்று சென்னியப்பன் மரியாதையாகச் சொல்லி வாயை மூடவில்லை, வள்ளியாத்தாள் உலை வைத்துவிட்டார். பாயும் தலையணையும் வந்தன. ஆறுச்சாமிக்கு அந்த வீட்டுத் தலையணை பிடித்துப்போய், வாராவாரம் வர ஆரம்பித்தார்.

டிவி சீரியலில் வில்லன் பல்லைக் கடித்துக்கொண்டு கதாநாயகியிடம், உன்னை நல்லாக் கவனிச்சுக்கறேன் என்றான். தங்கமான பையன் என்றார் வள்ளியாத்தாள்.

சென்னியப்பன் உட்கார வைத்து விளக்கினார்.

"அதெல்லாம் வெளையாட்டுக்குச் சொன்னது வள்ளி."

"எது வெளையாட்டு, எது நெசம்னு எப்பிடித் தெரியுமுங்க?"

"சொல்றப்பவே தெரியும்."

"எனக்குத் தெரியலீங்களே. முந்தியெல்லாம் நீங்க பேசினா சிரிப்பு வரும். இப்ப வர்றதில்லீங்க."

வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல அதைச் சொன்னார் வள்ளியாத்தாள். சென்னியப்பன் எழுந்து புழக்கடைக்குப் போய், கொஞ்ச நேரம் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு வந்தார். தொழுவத்தில் மாடு எதுவும் இல்லை.

ஆனாலும் நப்பாசை யாரை விட்டது. வேறு எந்தப் பேச்சு புரியாவிட்டாலும் பழைய வசவு புரிந்துவிடும், அதைச் சொன்னால் பழைய வள்ளி எழுந்து வந்துவிடுவாள் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் நெம்ப நிம்மதியா இருப்பேன்" என்றார். சொல்லிவிட்டுப் பதிலுக்கு ஆசையோடு காத்திருந்தார்.

வள்ளியாத்தாள் சற்று யோசித்தார்.

"சரிங்க" என்றார்.

போய் பீரோவைத் திறந்து, துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்தார். தாராபுரத்தில் இருக்கிற அண்ணன் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டு, நான் இல்லாவிட்டால்தான் இவருக்கு நிம்மதியாம், வந்து கூட்டிப் போங்கள், இனிமேல் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றார். கோபம் இல்லை, அழுகை இல்லை. நாச்சிமுத்து ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னார்.

சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று முழுக்கச் சமாதானம் சொன்னார். அவர் வாயில் சமாதானமும் குசும்பாகத்தான் வந்தது. "ஆமா, உன்னை அனுப்பீட்டு நான் ரெண்டாங் கல்யாணம் பண்ணப்போறேன்" என்று சொல்லிப் பார்த்ததற்கு, பெண் பார்த்தாகிவிட்டதா என்று வள்ளியாத்தாள் அக்கறையாக விசாரித்தார்.

சனிக்கிழமை காலையில் சென்னியப்பன் மடத்துக்கு ஓடி வந்தார். அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"வார்த்தை தெரியுது. அர்த்தமும் தெரியுது. நான் சொல்றது மட்டும் தெரியல. அதெப்பிடீங்கம்மா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை காதுல உழுந்ததும் மூளையில ரெண்டு பக்கமும் எந்திரிக்குதுங்கண்ணா. இடது பக்கத்துக்காரி கெட்டிக்காரி, ஆனா அவசரக்காரி. அந்த வார்த்தைக்கு நெருங்குன அர்த்தம் எதுவோ, அதை மட்டும் கையைப் புடிச்சு உள்ள இழுத்துட்டுக் கதவைச் சாத்திக்குவா."

"வலது பக்கத்துக்காரி?"

"அவ மெதுவா வருவா. தனியா வரமாட்டா. வார்த்தையோட தூரத்துச் சொந்தம் பூராத்தையும் கூட்டீட்டு வருவா. யாரு சொன்னது, எந்தக் கொரல்ல, மூஞ்சி எப்பிடி இருந்துச்சு, நேத்து இதையே சொன்னப்ப என்ன நடந்துச்சு, அத்தனையும் அவகூடத்தான் வரும். நாம சிரிக்கறது அவ வந்து சேந்ததுக்கு அப்பறந்தான்."

"வள்ளிக்கு?"

"வள்ளியக்காவுக்கு அடைச்சது வலது பக்கம்."

"அவளை மறுபடி கூட்டீட்டு வர மருந்து?"

"கொஞ்சம் வரலாம். வராமயும் போகலாம். எனக்குத் தெரியாதுங்கண்ணா."

தெரியாது என்று குரு சொன்னால் சீடனுக்குக் கோபம் வரும். சென்னியப்பனுக்கும் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும்.

"நெம்பச் சந்தோசமுங்கம்மா. இத்தனை படிச்சவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் ஊட்டுக்குப் போயி நிம்மதியா இருந்துக்கறனுங்க."

மத்தியானம்வரைக்கும் இருந்துவிட்டுப் போகச் சொன்னார் அம்மா. பிறகு எழுந்துபோய், கொட்டகையில் இருந்த மற்ற இரண்டு சீடர்களிடம் என்னவோ சொன்னார். ஒருவர் திருமலைசாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் சிந்தாமணி டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

டீச்சர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை குறைச்சலாக இருந்தது. இத்தனை தித்திப்பு உடம்புக்கு ஆகாது, இருக்கிற சர்க்கரையையும் எடுத்துவிடுங்கள் என்றார் சென்னியப்பன். டீச்சர் டம்ளரை வாங்கிக்கொண்டு போய், சர்க்கரையே போடாத காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். சென்னியப்பன் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். கரும்பலகை மாதிரி இருந்தது.

கொட்டகையில் புழுக்கம். மேலே மின்விசிறி, எருமை திரும்புகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்போல இருக்கிறது, நிறுத்துங்கப்பா என்றார் சென்னியப்பன். திருமலைசாமி எழுந்துபோய் நிறுத்திவிட்டு, இப்போது தேவலையா என்று கேட்டார். வியர்வை வழிய வழிய, தேவலை என்று சொல்லிவைத்தார் சென்னியப்பன்.

மத்தியானம் ஆனது. அடுப்படியிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றின் வாசனையும், நெய் உருக்குகிற வாசனையும் களத்துக்கு வந்தன. முதல் நாளிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அப்படியும், கூப்பிடாமல் போய்ப் பந்தியில் உட்காருவது அவர் ஊரில் மரியாதை இல்லை. கூப்பிட வேண்டும், வேண்டாம் என்க வேண்டும், மறுபடி கூப்பிட வேண்டும். அதற்குத்தான் அடி போட்டார்.

"ஏனுங் டீச்சர், இந்த மடத்துல அடுப்புன்னு ஒண்ணு இருக்கறதாக் கேள்விப்பட்டனுங்க."

"இருக்குதுங்கண்ணா. தெக்கால மூலையில" என்று கை காட்டிவிட்டு டீச்சர் போய்விட்டார்.

சற்று நேரத்தில் திருமலைசாமி வந்து, சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டார். சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்த சுருக்கில் வாயும் பழைய தடத்துக்குப் போய்விட்டது.

"எனக்கெதுக்குங்க சோறு. நான் காத்தைக் குடிச்சே உசுரு வாழறவன்."

"சரிங்க" என்று திருமலைசாமி திரும்பினார். அண்ணனுக்குச் சோறு வேண்டாமாம் என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பஸ்ஸில் கடைசி ஸீட்டு வரைக்கும் கேட்ட குரல் அது. உள்ளே ஒரு வட்டலை எடுத்து அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது.

சென்னியப்பன் களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். டீச்சர் இரண்டாம் தடவை நெய் கேட்டு வாங்கிக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்தார். யாரும் அவரைத் திரும்பிக் கூப்பிடவில்லை. அவரும் இரண்டு மூன்று வார்த்தை வீசிப் பார்த்தார். வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றார். ரொம்ப நல்லது என்றார்கள். பந்தி முடிந்து, பாத்திரத்தை மூடுகிற நேரம் வந்துவிட்டது.

அவர் எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பசிக்குது" என்றார். "சோறு போடுங்க."

சொல்லும்போது காது இரண்டும் சூடேறிவிட்டன. நடுச் சந்தையில் வேட்டி அவிழ்ந்ததுபோல இருந்தது அவருக்கு. ஆனால் அடுத்த நிமிஷம் வட்டல் நிறையச் சோறு வந்தது, நெய் வந்தது, அப்பளம் வந்தது. திருமலைசாமி மின்விசிறியையும் போட்டுவிட்டுப் போனார்.

அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். சென்னியப்பன் பாதிச் சோறு உள்ளே போகும்வரை பேசவில்லை. பிறகு பொருமினார்.

"உங்க சீடருங்களுக்குப் புத்தி மழுங்கிப்போச்சுங்களா?"

"என்ன பண்ணுனாங்க?"

"சக்கரையை எடுத்தாங்க. பேனை நிறுத்துனாங்க. சோத்தை மூடி வெச்சுட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சென்னியப்பன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

"அதைத்தானுங்க சொன்னேன்."

"அப்பறம் எதுக்குங்கண்ணா கோவம்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்ற பிறகும் பிசைந்தார்.

"நான் சொல்லாததை அவிய கேக்கலைன்னுதானுங்க" என்றார். அதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "வள்ளி கேட்டாளுங்கம்மா. இத்தனை வருசமும் நான் சொல்லாததைத்தான் அவ கேட்டா."

அம்மா கேட்டார்.

"வட்டல்ல இடது பக்கத்துச் சோத்தை அக்கா பாக்காம உட்டா, நீங்க கோவிச்சுக்கறீங்களா?"

"அதெப்பிடீங்க. அவளுக்குத் தெரியலீங்களே. திருப்பி வெச்சா உண்டுட்டுப் போறா."

அம்மா எழுந்துபோய், காலையில் ஆய்ந்த கீரையைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். அக்காவுக்குப் பிடிக்கும், வெயில் தாழ்வதற்குள் கிளம்புங்கள் என்றார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன நாச்சிமுத்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். உள்ளே நாற்காலியில் வள்ளியாத்தாள் புறப்பட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பீரோவில் வலது பக்கத்தில் அடுக்கியிருந்தது எதுவோ அது மட்டும் பைக்குள் இருந்தது. புடவைகள் எல்லாம் இடது பக்கத்தில் அப்படியே இருந்தன. அண்ணன் வீட்டுக்கு நிரந்தரமாகப் போகிறவர் ஏழெட்டுத் துண்டும் இரண்டு போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனைக் கண்டதும் நாச்சிமுத்து எழுந்தார். மச்சினன் மாப்பிள்ளை என்று இத்தனை காலம் கேலி பேசியவர்கள்தான். அன்று நாச்சிமுத்துவுக்குக் கேலி வரவில்லை.

"அழுதிருந்தான்னா நான் வந்திருக்க மாட்டேன் மாப்ள. புருசன் பொண்டாட்டி சண்டைன்னு உட்டிருப்பேன். சும்மா, கரண்டு போயிருச்சுங்கற மாதிரி சொன்னா. கேட்டதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கல."

காரெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், பெட்ரோலுக்கு நான் வேண்டுமானால் பாதி தருகிறேன் என்று ஒரு பதில் சென்னியப்பனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். விழுங்குவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வள்ளியாத்தாளுக்குப் பக்கத்தில் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். வள்ளியாத்தாள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம்தான், தான் நிற்பது இடது பக்கம் என்று அவருக்கு உறைத்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, தரையில் உட்கார்ந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார் வள்ளியாத்தாள்.

சென்னியப்பன் பெண்டாட்டியின் கையைப் பிடித்தார். பிடித்த கைமேல், பழக்க தோஷம், தோள் துண்டை எடுத்துப் போட்டார். துண்டுக்குள் விரல்களை அழுத்தினார். வள்ளியாத்தாள் குனிந்து பார்த்தார்.

"இது எதுக்குங்க?"

அவர் துண்டை எடுத்துவிட்டார். அண்ணன்காரர் எதிரே இருக்கிறார், ஜன்னலுக்கு வெளியே ஆறுச்சாமி நிற்கிறார். எல்லோரும் பார்க்க வெறுங்கையோடு கை இருந்தது.

"வள்ளி, நீ போகாத. நீ இல்லாட்டி என்னால முடியாது."

வள்ளியாத்தாள் அதை உள்ளே வாங்கி நிதானமாக யோசித்தார்.

"நான் இல்லாட்டி நிம்மதின்னு சொன்னீங்களே?"

"அது பொய்."

"தெனமும் சொன்னது?"

"எல்லாமே பொய்தான்."

"இத்தனை பொய் சொல்லலாமுங்களா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் வள்ளியாத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நீங்க போங்கண்ணா. அவருக்கு நான் வேணுமாம்" என்றார். வா என்று போனில் சொன்ன அதே குரலில் சொன்னார்.

நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் நான் கிளம்புகிறேன் என்றார். கிளம்புகிறேன் என்றால், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பது அங்கே வழக்கம். சரிங்கண்ணா என்று வள்ளியாத்தாள் உள்ளே போய்விட்டார். நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் விழித்தார். அவருக்கும் அன்று முழுக்கச் சோறு இறங்கியிருக்கவில்லை.

"மச்சான், கீரை இருக்குது" என்றார் சென்னியப்பன். "உண்டுட்டுப் போங்க."

அடுத்த அமாவாசைக்கு இரண்டு பேரும் மடத்துக்கு வந்தார்கள். சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்தபோது, சென்னியப்பன் இடம் பார்த்து வள்ளியாத்தாளுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொண்டார். தன் வட்டலைவிட அந்த வட்டலின் மேல்தான் அவர் கண் இருந்தது. பாதி ஆனதும் கை நீட்டித் திருப்பி வைத்தார். வள்ளியாத்தாள் தொடர்ந்து சாப்பிட்டார்.

வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று சிந்தாமணி டீச்சர் விசாரித்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் வள்ளியாத்தாள். "காலையில எந்திரிச்சதும், காப்பி குடிக்கறதுக்கு முந்தி, நீ இருக்கறது எனக்கு நல்லா இருக்குதுன்னு சொல்றாருங்க. சொல்றப்ப பல்லுவலிக்காரராட்ட மூஞ்சிய வெச்சுக்குவாரு. கல்யாணமானதுலருந்து ஒருநாள் சொன்னதில்லீங்க. எனக்குச் சீக்கு வந்ததும் நல்லதாத்தான் போச்சு."

திருமலைசாமிக்குப் புரையேறிவிட்டது. டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வள்ளியாத்தாள் மட்டும் சிரிக்காமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனுக்குக் கை நின்றுவிட்டது. பெண்டாட்டியின் வாயோரத்தையே பார்த்தார். அங்கே ஏதோ அசைந்ததுபோலவும் இருந்தது, ரசம் குடிக்கிற அசைவுதானோ என்றும் இருந்தது. பழைய வள்ளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாளா, இல்லை, இருக்கிற வள்ளி இருப்பதை இருக்கிறபடி சொன்னாளா. சந்தையில் எத்தனையோ பேர் வாயைப் பார்த்து மனசைச் சொன்னவருக்கு அந்த ஒரு வாயோரம் பிடிபடவில்லை.

அம்மா கீரை பரிமாறிக்கொண்டே வந்தார். கிட்டே வந்ததும் சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, இப்ப இவ சொன்னது குசும்புங்களா, நெசமுங்களா?"

அம்மா அவர் வட்டலைப் பார்த்தார். வலது பாதி காலியாகியிருந்தது. இடது பாதியில் பொரியலும் சோறும் கை படாமல் அப்படியே இருந்தன. அம்மா குனிந்து, விளிம்பில் இரண்டு விரல் வைத்து, வட்டலை மெதுவாகத் திருப்பிவிட்டார்.

"இந்தப் பக்கமும் இருக்குதுங்கண்ணா" என்றார்.